வாயாடி வாய் மூடிய நாள்

…சத்தம் வரவில்லை, அதுதான், தெரு முக்கில் திரும்பும்போது எப்போதும் தகரத்தை உலுக்கினாற்போல் ஒன்று வருமே, அது வரவில்லை, ஆள் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்தான், அவனோடு வண்டியும் மறைந்தது, மறைந்த பிறகுதான் நாகையாவுக்கு உறைத்தது, ஒரு வண்டியை ஊமையாக வெளியே அனுப்பிவிட்டோம் என்று. முக்காலியிலிருந்து பாதி எழுந்தார். எழுந்து என்ன செய்ய, ஓடவா, இந்த முட்டியை வைத்துக்கொண்டா? பெத்தணன் என்று பேர் சொன்னான், தாயில்பட்டியில் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறது, அவளுக்கு மேலுக்குச் சரியில்லை, கஞ்சி கொண்டுபோகிறேன் என்றான், கையில் தூக்குச்சட்டி இருந்தது, இருந்ததா, இருந்தது… திருத்தங்கலில் பஸ் நிற்கிற இடம், காசிராஜன் அண்ணாச்சியின் வாடகை சைக்கிள் கடை, தீபாவளி சீசன், பட்டாசு செய்கிற வெடி ஆபீசுக்குப் போகிறவனும் அச்சாபீசுக்குப் போகிறவனும் எனக்கு உனக்கு என்று முண்டுகிற காலை நேரம், அத்தனை தோளுக்கும் மேலே கையை நீட்டி அவன் கேட்டான், இவரும் கை பழக்கத்தில், தெரியாத முகத்துக்கு எந்த வண்டியைத் தள்ளிவிடுவாரோ அதையே தள்ளிவிட்டார். வாயாடியை. முந்தாநாள்வரை அது வாயாடி. இன்றைக்கு அது எண்ணெய் குடித்த பூனை.

கள்ளனுக்கு என்ன வேண்டும்? சத்தமில்லாத வண்டி வேண்டும். இதைக் கண்டுபிடிக்க நாகையாவுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, ரயிலடியில் காகிதக் கட்டு சுமந்து சுமந்து முட்டி தேய்ந்து, இனிச் சுமக்க ஆகாது என்று இந்த முக்காலியில் வந்து உட்கார்ந்த புதிதில் ஒரு வண்டி களவு போயிற்று, அடுத்த சீசனில் இன்னொன்று, அண்ணாச்சி வரிசையில் காலியான இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது ஒரு நாள் தெருவில் ஒரு பழைய வண்டி மட்கார்டு ஆட ஆடப் போகிறது, டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான், மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. கலர் சோடா பாட்டில் மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி, கம்பியில் கோத்து, ஒரு வண்டிக்கு மட்கார்டின் அடியில், ஒன்றுக்குச் செயின் கவருக்குள், ஒன்றுக்குக் கேரியர் மரையை ஒரு சுற்று தளர்த்தி… எந்த வண்டிக்கும் மற்றதன் சத்தம் கிடையாது. கொலுசு என்று ஒரு வண்டி, சிலுசிலுவென்று போகும், அது தெரிந்தவர்களுக்கு, அடுத்த தெருப் பஞ்சம்மாளின் வீட்டுக்காரர் மாதிரி வாடிக்கைகளுக்கு. இருமல்காரன் என்று ஒன்று, மேட்டில் ஏறினால் இருமும். வாயாடி இருக்கிறாளே, அவள் இந்தத் தெருவில் புறப்பட்டால் அடுத்த தெருவில் நாய் எழுந்திருக்கும். முன்பின் தெரியாதவனுக்கு வாயாடிதான். எந்த வண்டி எந்தப் பக்கம் போகிறது, எங்கே நிற்கிறது, முக்காலியை விட்டு நகராமல் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதற்கப்புறம் ஒரு வண்டி போயிருக்கிறதா? சிவகாசியில் ஒரு கடைக்காரர் சங்கிலி போட்டுப் பூட்டிவைத்தார், சங்கிலியும் சேர்ந்து போயிற்று. இன்னொருத்தர் காவலுக்கு ஆள் வைத்தார், ஆளே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இங்கே? கேட்டுப்பார், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார்.

எல்லாம் ஆயுத பூஜையால் வந்தது. பூஜைக்குத் தானும் கடையில் இருந்திருக்க வேண்டும், மகள் வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. ரிப்பேர் பார்க்கிற கருப்பணன் நல்லவன், கெட்டவனாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம், நேற்று விடிந்ததிலிருந்து உட்கார்ந்து அத்தனை வண்டியையும் கழுவி, எண்ணெய் போட்டு, ஆடுகிற மரையெல்லாம் முடுக்கி, மூடிகளைக் கழற்றி எறிந்து, சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து… காலையில் இவர் வந்ததும் பல்லெல்லாம் தெரியச் சொன்னான். "அண்ணே, பாத்தீகளா, ஒரு வண்டி முனகுதா பாருங்க! சாமிக்கு முன்னால இருமிக்கிட்டு நிக்கலாமாண்ணே?" என்ன சொல்வது அவனிடம்? அவன் முகத்தில் இருந்த அதே பெருமை தன் முகத்திலும் எத்தனை நாள் இருந்திருக்கும்… வாயைத் திறப்பதற்குள் கூட்டம் வந்துவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் லட்சுமிகாந்தமும் வந்துவிட்டான்.

லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் மச்சினன். ஒரு வருஷமாக இந்த முக்காலிமேல் அவனுக்குக் கண். கடைக்குள் பலகையில் உட்கார்ந்து புதுச் சங்கிலி ஒன்றைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருக்கிறான், சாமான் ஏதாவது அடமானம் வைத்தால்தான் வண்டி என்று சட்டம் போட வேண்டுமாம். வெடி ஆபீசுக்குப் போகிறவனிடம் என்ன இருக்கிறது அடமானம் வைக்க, சோற்றுச்சட்டியைத் தவிர? "அதத்தான் வாங்கி வைக்கணும்ங்கேன். மத்தியானம் பசிச்சா தன்னால வந்துருவாம்லா," என்று சிரித்தான். சொல்லிவிட்டு அத்தான் முகத்தைப் பார்த்தான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் பேசியது நாகையாவிடம்தான், காலையில், ஊதுபத்தி கொளுத்திக்கொண்டே. "ஏ நாகையா, இந்தச் சீசன்ல ஒரு வண்டி போனாலும், நா இவங்கிட்டக் கடைய விட்டுருவேன். வீட்டுலயும் பேச்சு தாங்க முடியல." வீட்டில் என்றால் அண்ணாச்சியின் சம்சாரமா, லட்சுமிகாந்தத்தின் அக்காவா, இரண்டும் ஒரே ஆள்தான். இந்த முக்காலி போனால் எங்கே உட்கார்வது? சுமைக்கு ஆகாத உடம்பை யார் கூப்பிடுவார்கள்? அதைவிட… அதைவிட என்ன? நாகையா காவல் இருந்த கடையில் களவு போயிற்று என்று டீக்கடையில் ஒருத்தன் சொல்வான், அதைக் காதில் வாங்கிக்கொண்டு அந்த வழியாக நடக்க வேண்டும், அது.

வெயில் ஏறிவிட்டது. கொலுசு திரும்பி வந்துவிட்டது, சத்தமே இல்லாமல் வந்து பக்கத்தில் நின்றபோது நாகையாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருமல்காரனும் வந்துவிட்டான். பெத்தணனைக் காணோம். தெருவில் ஆயிரம் சத்தம், பஸ் ஹாரன், மாட்டு வண்டி, அச்சாபீஸ் மிஷின், லோடு இறக்குகிறவர்களின் ஏலேலே, அத்தனைக்கும் நடுவில் வராத ஒரு சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பது எப்பேர்ப்பட்ட பைத்தியம், வந்தாலும் அது சத்தமில்லாமல்தானே வரும்? தெரிந்தும் காது சொல்பேச்சுக் கேட்கமாட்டேன் என்கிறது. அவன் முகம் எப்படி இருந்தது? நினைவு வரவில்லை. முகத்தைப் பார்க்கிற பழக்கம் போய் எத்தனை நாளாயிற்று, சத்தம் இருக்கிறதே என்று முகத்தை விட்டுவிட்டோமோ… மட்கார்டில் பேர் இருக்கிறது, யாராவது பார்ப்பார்கள். காசிராஜன் சைக்கிள் கடை, மஞ்சள் பெயிண்டில் இவரே எழுதியது, தலை நரைத்தபின் சுமைக்காரர் சங்கத்து வகுப்பில் எழுத்துப் பழகி, முதன்முதலாக ஊர் பார்க்க எழுதிய எழுத்து, வாயாடியின் மட்கார்டில் ‘கா’ கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஆனால் பெயிண்டை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும், ஒரு துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய். "என்ன நாகையாண்ணே, காதத் தீட்டிக்கிட்டு இருக்கீக? ரேடியாவா கேக்கீக?" லட்சுமிகாந்தத்துக்குத் தெரிந்துவிட்டது. வரிசையில் ஒரு இடம் காலியாக இருப்பதை அவன் பார்த்துவிட்டான். சங்கிலி அவன் கையில் ஒரு தரம் சலங்கை மாதிரி குலுங்கியது. "தாயில்பட்டிக்குப் போயிருக்கு, வந்துரும்," என்றார் நாகையா. 

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கூட்டம் தெருவோடு வந்தது. முன்னால் மாட்டு வண்டிக்கார வேலுச்சாமி, அவர் கையில் ஒரு சட்டைக் கழுத்து, சட்டைக்குள் பெத்தணன், அவன் ஒரு கையில் வாயாடி, மறு கையில் தூக்குச்சட்டி, பின்னால் வேடிக்கை பார்க்க நாலைந்து பேர். வேலுச்சாமி தூரத்திலிருந்தே கத்தினார். "நாகையாண்ணே! ஒங்க வண்டியக் களவாண்டுட்டுப் போறான் ஒருத்தன், ரயில்வே கேட்டுல அமுக்கிட்டோம்!" ரயிலுக்காகக் கேட் மூடியிருந்ததாம், இவன் வந்து நின்றானாம், கேட்டுக்கார சங்கையா வண்டியைப் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டுக் காதைக் கொடுத்திருக்கிறார். "ஏலே, இது நாகையா வண்டில்லா, ஏம்லே சத்தமில்லாம வருது? கள்ளப்பய மரைய முடுக்கிட்டியா?" என்று பிடித்தவர் விடவில்லையாம், கேட்டை விட்டு வர முடியாது, அதனால் தெரிந்த வண்டி ஒன்று வருகிறவரை அவனை அந்த வெயிலிலேயே உட்காரவைத்து, வேலுச்சாமி லோடு ஏற்றிக்கொண்டு வந்ததும் அவரிடம் ஒப்படைத்து… கருப்பணன் ஸ்பானரோடு எழுந்து நின்றான், ஒன்றும் புரியாமல். புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டான். பெத்தணன் அழுகிற மாதிரி இருந்தான். "நா என்ன மாமா செஞ்சேன்? நீங்க குடுத்த வண்டி, நா மிதிச்சேன். சத்தம் வரலன்னு அடிக்க வாராக. எந்த ஊருலயாச்சும் இப்படி உண்டுமா?"

நாகையா சிரித்துவிட்டார். அடக்க முடியவில்லை, முட்டி வலியெல்லாம் எங்கோ போயிற்று, அண்ணாச்சி சிரித்தார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள், லட்சுமிகாந்தம் சங்கிலியைப் பலகைமேல் வைத்துவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்தான். சத்தம் போட்டாலும் பிடிப்பார்கள், போடாவிட்டாலும் பிடிப்பார்கள், வேறு என்ன காவல் வேண்டும் ஒரு கடைக்கு? அதுவுமல்ல, சங்கையா என்ன சொன்னார், நாகையா வண்டி என்றார். மட்கார்டில் மஞ்சளாகக் காசிராஜன் என்று எழுதியிருக்கிறது, தானே எழுதியது, அதை யார் வாசித்தார்கள்… நாகையா வண்டியாம். ரயில்வே கேட்டில், நாலு ஊர் ஆள் நிற்கிற இடத்தில். சுமந்த காலத்தில் தன்னை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்களா, ஏ சுமை, ஏ ஆளு, அவ்வளவுதானே. நெஞ்சு கொஞ்சம் விரிந்துகொண்டது, விரியட்டும் என்று விட்டார்.

"சரிய்யா, தப்பு எங்களுது. போயி அக்காவப் பாரு, வாடகை வேண்டாம்," என்றார் அண்ணாச்சி. பெத்தணன் வண்டியைத் தொடவில்லை. "அந்தச் சத்தத்தத் திரும்ப மாட்டி விட்டுருங்க மாமா. இல்லன்னா வாரப்பயும் பிடிச்சிருவாக. கஞ்சி ஆறிப்போச்சு," என்றான். கருப்பணன் குப்பையில் கிடந்த மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான், நாகையா தன் கையாலேயே கம்பியில் கோத்து மட்கார்டின் அடியில் கட்டினார், ஒரு தட்டு தட்டிப் பார்த்தார், வாயாடிக்குக் குரல் வந்துவிட்டது. இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்த்தார். இளவயது, மீசை இன்னும் அடர்ந்து வரவில்லை, நெற்றியில் வெயில் பட்டுக் கன்றியிருந்தது. அவன் ஏறி மிதித்தான். தடதடதடவென்று தெரு அதிர்ந்தது, டீக்கடையில் எல்லாரும் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பினார்கள், என்றைக்கும்போல, திரும்பி, வண்டியைப் பார்த்தார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்… வண்டியையா பார்க்கிறார்கள்? வாயாடியில் போகிறவன் நாகையாவுக்குத் தெரியாதவன், அது ஊருக்கே தெரியும், அவன் முதுகு இத்தனை கண்ணையும் சுமந்துகொண்டு போகிறது, குனிந்துகொண்டு, தூக்குச்சட்டி ஹேண்டிலில் ஆட… முக்கில் திரும்பியது சத்தம். வழக்கமாக அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிடுவார், இன்றைக்கு விடவில்லை, தேய்ந்து தேய்ந்து போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார், திரும்பி வருவான், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் அடுத்த தடவை இவன் வந்து கையை நீட்டினால் எந்த வண்டியைக் கொடுப்பது, கொலுசையா, அவன் இப்போது தெரிந்தவனா, ஒருத்தன் எப்போதிலிருந்து தெரிந்தவன் ஆகிறான்…