ஒரு மழை பார்த்துவிட்டு

டாக்டரம்மாவின் மேசைமேல் இருந்த கருப்பைப் பொம்மையை எடுத்துப் பார்த்ததுதான் அவன் செய்த வினை. கை வழுக்கிற்று. பொம்மை தரையில் விழுந்து, அளவெடுத்து அறுத்ததுபோல இரண்டாகப் பிளந்தது.

"கவலைப்படாதீங்க டாக்டர். கொஞ்சம் பசை குடுங்க, சொட்டுத் தண்ணி கசியாம ஒட்டித் தந்துடறேன்" என்றான்.

மொட்டைமாடி ஒழுகலை அடைப்பது அவன் தொழில். சொந்த வாயை அடைக்கத்தான் இதுவரை எந்தப் பூச்சும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். மனைவி மட்டும் உள்ளே இருந்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். முதல் பிரசவத்தில் வயிற்றைக் கிழித்து எடுத்த பெண் குழந்தை ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. கருப்பையில் கிழித்த இடமும் சரியாகக் கூடவில்லை. உள்ளே பள்ளம் விழுந்து, மாதாமாதம் அதில் உதிரம் தேங்கி, அடுத்த கருவை அண்டவிடாமல் செய்தது. போன வருடம் அந்தப் பள்ளத்தை வெட்டியெடுத்து மறுபடி தைத்தார்கள். "பழசைக் கொத்திட்டுப் புதுசாப் பூசறாங்க, நம்ம வேலைதாம்மா" என்று அவளைச் சிரிக்கவைத்தே ஆபரேஷனுக்கு அனுப்பினான். அந்தத் தையல் தாங்குமா என்று பார்க்கத்தான் இன்றைய ஸ்கேன்.

கதவு திறந்தது. கைப்பையை மார்போடு அணைத்தபடி அவள் வந்தாள்.

"என்னவாம்? பொம்மைக்குப் பதிலா என்னைப் புடிச்சு மேசைமேல வைக்கப்போறாங்களா?"

"உங்களை வெச்சு அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்."

"சரி, ஸ்கேன் என்ன சொல்லுது?"

அவள் சுவரைப் பார்த்தாள். "ஒரு மழை பாத்துட்டுச் சொல்றாங்களாம்."

அது அவன் பேச்சு. இனி எதைப் பூசினாலும் ஒழுகல் நிற்காது என்று தெரிந்த பிறகு, வீட்டுக்காரர்களிடம் சொல்லத் தைரியமில்லாமல் அவன் போனில் சொல்வது. ஒவ்வொரு தடவையும் அவள் முறைப்பாள்: "பாவம் அவங்க. நேராச் சொல்லித் தொலைங்களேன்!"

"நேராவே சொல்லும்மா" என்றான்.

அவன் சட்டையில் ஒட்டியிருந்த பொம்மைத் தூளை அவள் மெதுவாகத் தட்டிவிட்டாள்.

"தாங்காதாம். தைச்ச இடம் காகிதம் மாதிரி இருக்காம். திரும்பத் தைச்சாலும் அப்படித்தானாம். கரு தங்கினாலும் வளர வளர அது பிஞ்சு, என் உயிரே போயிடும்னாங்க. இனிமே நமக்குக் குழந்தை இல்லங்க."