மூன்று வருடத் தேர்வுகளுக்கு ஒரு கேசன்

மதியம் மூன்று மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மேற்குக் கடற்கரை அணி, அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் தன் குவார்ட்டர்பேக் கேசன் ப்ரூயிட்டைத் தரத் தயார். பதிலுக்கு அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அடுத்த மூன்று வருடத்துக்கு எங்கள் முதல் சுற்றுத் தேர்வுகள் வேண்டுமாம். அதாவது, கல்லூரிகளிலிருந்து வரும் நல்ல பையன்களை மற்ற அணிகள் அள்ளிக்கொண்டு போக, நாங்கள் மூன்று வருடம் வேடிக்கை பார்க்க வேண்டும்.

அந்தப் பையன்களைத் தேடிப் பிடிப்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் பிழைப்பு. அயோவா, நெப்ராஸ்கா என்று வாடகைக் காரில் அலைந்து, கொட்டும் மழையில் பயிற்சி பார்த்து அறிக்கை எழுதியவள். முதல் சுற்றுத் தேர்வே இல்லாத அணிக்கு நான் எதற்கு?

காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

"உக்காரு டோரி, தரை தேஞ்சிடப் போவுது," என்றான் பக்கத்து மேசை டெவின். எந்தச் சுற்றுத் தேர்வுக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போடும் அட்டவணை அவனுடையது. "என் கணக்குப்படி இது பகல் கொள்ளை. வேணாம்னு சொல்லிட்டுப் போயேன். உன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கப் போறியா?"

சொல்லிவிடலாம்தான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வீடியோவை நாலாவது தடவையாகப் போட்டேன். இரண்டு எதிரணித் தடியன்கள் மேலே விழ வருகிறார்கள். கேசன் அசையாமல் நின்று, பந்தைப் பிடிக்க ஓடும் தன் ஆள் திரும்பும்வரை பொறுத்துப் பந்தை எறிகிறான். நான் தேடிப் பிடித்தவர்களில் ஒருவனுக்கும் அந்த நிதானம் இல்லை. எரிச்சலாக வந்தது.

இரண்டே முக்காலுக்குப் பொது மேலாளர் வேர்ன் தன் அறைக்குக் கூப்பிட்டார். "சொல்லு. வாங்கலாமா?"

"வாங்குங்க. இவன மாதிரி ஒருத்தன் பத்து வருஷம் தேடினாலும் எனக்குக் கெடைக்க மாட்டான்."

அவர் உடனே போனை எடுத்தார். நான் குறுக்கிட்டேன்.

"மத்தவங்களக் கேக்கலையா?"

"கேட்டாச்சு. கோச்சுக்கு அவன் வேணும், சரின்னாரு. டெவினுக்கு அவன் அட்டவணைதான் பெருசு, வேணாம்னான். தன் வேலை போயிடும்னு தெரிஞ்சும் வாங்குன்னு சொன்னது நீ ஒருத்திதான். இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

பன்னிரண்டு வருடத்தில் என் அறிக்கை ஒன்றைக்கூட அவர் கேள்வி கேட்காமல் ஏற்றதில்லை. இன்று ஒரே வார்த்தையில் நம்பிவிட்டார். அதற்கு என் வேலையே போக வேண்டியிருந்தது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் அவர் போனில் அந்த அணியோடு பேச ஆரம்பித்திருந்தார்.