நிற்காத சங்கிலி

உடலைக் குளிப்பாட்டியபோது கழற்றிய சட்டையின் பையிலிருந்தவற்றை ஒரு தட்டில் இட்டு, முனிலட்சுமி தன் தம்பி மனைவியிடம் நீட்டினாள். கம்பெனி அடையாள அட்டை, இரண்டு சளி மாத்திரைகள், கரி படிந்த ஒரு ஸ்பார்க் ப்ளக்.

"இத எறிஞ்சிடட்டுமா?"

"வேணாங்க்கா, குடுங்க" என்று சுமலதா ப்ளக்கைக் கைக்குள் வாங்கிக்கொண்டாள்.

மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையே அவள் கணவர் திம்மராயனின் பட்டறை. பகலில் கம்பெனியில் கடைசல் வேலை. மாலையில் மரம் அறுக்கும் சங்கிலி மிஷின்கள். பழுது பார்ப்பதோடு, கேட்பவர்களுக்குப் புகை வழியை அகலப்படுத்தி வேகத்தைக் கூட்டியும் கொடுப்பார். வேலை முடியாத மிஷினின் ப்ளக் மட்டும் அவர் சட்டைப்பையை விட்டு இறங்காது. அவசரக்காரர் எவரும் மிஷினை ஓட்டிவிடலாகாது என்பதற்காக.

"முனீசு மிஷினு வேகம் ஏறிடுச்சு. ஆனா கைய எடுத்தாலும் செயினு நிக்கமாட்டேங்குது. ஸ்பிரிங்கு மாத்தணும்" என்று முந்தைய இரவு சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். விடியலில் மார்பு வலித்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்காக நாற்காலியில் அமர்ந்தவர் பிறகு எழவில்லை.

பின்புறத்தில் யாரோ மிஷினின் கயிற்றை இழுக்கும் ஓசை கேட்டது. அவருடைய தம்பி முனீஸ்வரன்தான். நாகரசம்பட்டி மாந்தோப்புகளில் கிளை வெட்டும் குத்தகைக்காரன். வந்ததும் வராததுமாக, "எரிக்க டிப்போ வெறகு வேணாம் அண்ணி. அண்ணன் கடசியா கை வெச்ச மிஷின்லயே நான் அறுக்கறேன்" என்று அழுதிருந்தான். அப்போது அச்சொற்கள் அவள் செவியில் விழுந்தனவேயன்றி மனத்தில் பதியவில்லை.

ப்ளக் இல்லாமல் அது கிளம்பாது. சுமலதா உள்ளங்கையை இறுக்கிக்கொண்டாள். சிறிது நேரம் ஓசையில்லை. மறுபடியும் ஓர் இழுப்பு. இம்முறை மிஷின் அலறியது. அலமாரியிலிருந்து வேறு ப்ளக் மாட்டிவிட்டான்.

"சாவு ஊட்லயுமா! இந்த ஊட்ல என்னிக்குத்தான் காது குளுந்திருக்கு?" என்றாள் அண்டைவீட்டுக்காரி.

சுமலதா எழுந்தாள். முனிலட்சுமி அவள் மணிக்கட்டைப் பற்றினாள்.

"எங்க போற? தூக்கற வரைக்கும் தலமாட்ட உட்டு நகரக்கூடாது."

"விடுங்கக்கா."

"ஊரே பாக்குதுடி!"

"பாக்கட்டும்."

பின்புறத்தில் முனீஸ்வரன் ஒரு மாங்கட்டையை அறுத்து முடித்து, விசையிலிருந்து விரலை எடுத்திருந்தான். இயந்திரம் தணிந்தது, சங்கிலி தணியவில்லை. அவன் அதை அறியாமல், மிஷினைத் தொடையோரம் தாழ்த்தியபடி, அடுத்த கட்டையைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான். கண்கள் கலங்கியிருந்தன. கூப்பிட்டால் கேட்காது, தொட்டால் திடுக்கிடுவான். அவள் சுற்றிச் சென்று எதிரே நின்றாள். அவன் நிமிர்ந்து கை அசையாது நின்ற கணத்தில், கைப்பிடியருகே இருந்த சுவிட்சை அழுத்தினாள்.

சங்கிலி மெல்ல நின்றது. வேட்டியின் ஓரம் நார்நாராகக் கிழிந்து அதன் பற்களில் சிக்கியிருந்தது. தோலில் படவில்லை.

"என்ன அண்ணி?"

"இது வேல முடியாத மிஷினு, முனீசு." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

அவன் ப்ளக்கையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"போட மறந்துட்டாருன்னு நெனச்சேன் அண்ணி. அண்ணன் போயி மறக்கற ஆளா..." என்று கட்டையின்மேல் அமர்ந்துவிட்டான்.

"கோடாலி அந்த மூலைல இருக்கு. பாத்து வெட்டு."

அவள் உள்ளே திரும்பியபோது பெண்கள் விலகி வழிவிட்டனர். வலக்கையெங்கும் எண்ணெயும் மரத்தூளும் அப்பியிருந்தன. முனிலட்சுமி சோப்பும் சொம்பு நீரும் கொணர்ந்தாள்.

"கையக் கழுவிக்க."

"இருக்கட்டுங்க்கா."

தலைமாட்டில் அமர்ந்தாள். குளிப்பாட்டிய ஈரம் உலராத முடிக்கற்றையொன்று அவர் நெற்றியில் சரிந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டாள். திருநீற்றின் குறுக்கே ஒரு கருங்கோடு படிந்தது.

முனிலட்சுமி ஈரத்துணியை எடுத்தாள். நெற்றிவரை கொண்டுசென்று, பிறகு அதை மடித்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.