கிண்ணத்தில் துடித்த இரும்பு

அவளுடைய கணவனுக்கு நண்பர்கள் வைத்த பெயர் இரும்பு. தும்மல்கூட வராத உடம்பு என்று அவனே போகிற இடமெல்லாம் தம்பட்டம் அடித்து வாங்கிக்கொண்ட பெயர். அந்த உடம்பிலிருந்து ஒரு குப்பி ரத்தம் எடுத்து, ஆய்வகத்தில் அதை எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து கடுகளவு இதயத் திசு வளர்த்தாள் அவள். கண்ணாடிக் கிண்ணத்தில் அது தன்பாட்டுக்குத் துடித்தது. மனிதருக்குக் கொடுக்குமுன் புது மருந்துகளை இப்படிப்பட்ட திசுக்களில் விட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை.

திசுவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சத்துநீர் மாற்ற வேண்டும். ஞாயிறு என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

“கட்டின புருஷன் இங்க பசியோட உக்காந்திருக்கேன். நீ கிண்ணத்துல இருக்கிறவனுக்கு ஊட்டப் போற!”

“அவரு வாயாட மாட்டாருங்க. அதான் பிடிச்சிருக்கு.”

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வாமைக்கு ஒரு புது மருந்து வந்தது. எட்டுப் பேரின் திசுக்களில் விட்டாள். ஏழு ஜம்மென்று துடித்தன. எட்டாவது தடுமாறி நின்றே போனது. அது இரும்பின் திசு.

அந்த மருந்தை முதலில் விழுங்க நோயில்லாத ஆட்கள் வேண்டும் என்றதும், வீராப்பாகக் கையெழுத்துப் போட்டிருந்தான் மனுஷன். திங்கட்கிழமை முதல் மாத்திரை.

“கிண்ணத்துல அழுக்கு புகுந்திருக்கும்மா. தூக்கிப் போடு,” என்றார் மேலாளர். அவள் போடவில்லை. புதுத் திசுவில் மறுபடி செய்தாள். அதுவும் நின்றது.

வீட்டில் சொன்னால், “எனக்கா?” என்று சிரித்தான்.

சனிக்கிழமை அவனைக் கையோடு இழுத்துப் போய் நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தாள். மேலாளரையும் கூப்பிட்டாள். திரையில் திசு துள்ளிக்கொண்டிருந்தது. “பாத்தியா, சிங்கம்!” என்றான். அவள் மருந்தை விட்டாள். சற்று நேரத்தில் துடிப்பு தடுமாறி நின்றது. அவன் கை நெஞ்சுக்குப் போனது. அவள் மருந்தைக் கழுவி எடுத்தபின், வெகுநேரம் அடம்பிடித்துவிட்டு, அது மறுபடி துடித்தது. மேலாளர் போனை எடுத்து, திங்கட்கிழமைச் சோதனையை நிறுத்தச் சொன்னார்.

“அதுக்கு வலிச்சிருக்குமா?” என்றான் இரும்பு, சின்னக் குரலில்.

“அதுக்கு வலி தெரியாதுங்க. எனக்குத்தான் ரெண்டு நாளா உயிரே இல்ல.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. அசந்து தூங்கியவளைத் தட்டி எழுப்பினான். கையில் வண்டிச் சாவி.

“எந்திரி, மணி எட்டாச்சு. அங்க நான் பசியோட இருப்பேன்.”