ஏற்றாத கொசுவத்தி

சமூகநலத் துறை ஊழியர் பெர்லிதா காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது அர்லின் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பாதி குடித்த கோலா. பதினாறு வயதுப் பெண் அழுது வீங்கியிருப்பாள் என்று எண்ணி வந்த பெர்லிதாவுக்கு அந்த நிதானம்தான் உறுத்தியது.

முந்தின நாள் பிற்பகல் அர்லினின் அத்தை எல்விரா மீன் சந்தைக்குப் போயிருந்தபோது வீடு தீப்பிடித்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த எல்விராவின் மூன்று வயது மகன் டோட்டோ கருகிப்போனான். அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் அர்லின்.

"வாங்க மேடம், எல்லாம் முடிஞ்சுது. புள்ள ஒத்துக்கிட்டா. நீங்க கூட இருந்ததா ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்றார் சார்ஜென்ட் பதேர்னோ.

"எப்போலேர்ந்து கேக்கறீங்க?"

"விடியக்காலைலேர்ந்து."

"இப்போ உச்சி வெயில். வக்கீல் எங்கே? இவளோட அம்மா எங்கே?"

"அம்மா மணிலாவுல வீட்டு வேலை செய்யுது. சும்மா பேசிக்கிட்டுதானே இருந்தோம் மேடம். ஒரு அடி அடிச்சோமான்னு கேட்டுப் பாருங்க."

"சமூகநலத் துறை ஆளும் வக்கீலும் பக்கத்துல இல்லாம சின்னப் புள்ள சொன்னது சட்டத்துல செல்லாது சார். பதினஞ்சு வருஷமா இதே வேலை பாக்கறேன், எங்கிட்டயேவா?" பெர்லிதா கையெழுத்துப் போடவில்லை. நகரத்திலிருந்து வக்கீலை வரவழைத்தாள். அர்லினை லாக்கப்பில் வைக்க விடாமல் சிறார் இல்லத்துக்குக் கூட்டிப் போனாள்.

வழியில் ட்ரைசிக்கிள் என்ற மூன்று சக்கர வாடகை வண்டியில் அர்லின் தானாகவே பேசினாள். "சார் நல்லவர் மேடம். மனசுக்குத் தாங்காததை மூளை மறைச்சு வெச்சிருமாம். அவர்தான் கொஞ்சம் கொஞ்சமா ஞாபகப்படுத்தினார். அத்தை காலைல திட்டினாங்கல்ல? அந்தக் கோவத்துல கொசுவத்தியை ஏத்தி, திரைச்சீலைக்குக் கீழே தள்ளிட்டு, தண்ணி பிடிக்கப் போயிட்டேன்."

"மொதல்ல அவர் கேட்டப்போ என்ன சொன்னே?"

"ஏத்தலேன்னுதான் சொன்னேன். அப்புறம், ஏத்தியிருப்பேனோன்னு தோணிச்சு. இப்போ நல்லாவே தெரியுது. தீக்குச்சி கையில சுட்டதுகூட."

பெர்லிதா அவள் விரல்களைப் புரட்டிப் பார்த்தாள். எந்தத் தடமும் இல்லை.

வக்கீல் அந்த வாக்குமூலத்தை உடைத்தார். தீயணைப்புத் துறையினர் மின்விசிறியின் ஒயரில் ஏற்பட்ட மின்கசிவுதான் தீக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். குழாயடியில் நின்ற பெண்கள், புகை எழும்புவதற்கு வெகுநேரம் முன்பிருந்தே அர்லின் தங்கள் வரிசையில்தான் இருந்தாள் என்றார்கள். வழக்கு தள்ளுபடியானது.

கூட்டிப் போக எல்விராவே வந்தாள். மகனைப் புதைத்தபோது உடுத்திய கறுப்புச் சட்டையோடு வந்து அர்லினைக் கட்டிக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிரு அத்தை. கோவத்துல கொசுவத்தி..."

"அடிப் பைத்தியமே! டோட்டோவுக்கு மூச்சிழுப்புன்னு நம்ம வீட்ல கொசுவத்தியே வாங்க மாட்டோமே! எங்கேர்ந்துடி ஏத்தினே?"

அர்லின் யோசித்தாள். "எங்கேயாவது வாங்கியிருப்பேன் அத்தை" என்றாள் மெதுவாக.

எல்விரா பெர்லிதாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை பல மாதங்கள் பெர்லிதாவைத் தூங்கவிடவில்லை. அர்லின் பள்ளிக்குப் போவதை விட்டாள். அடுப்பருகே போக மறுத்தாள். தெருவில் ஒரு குழந்தை அழுதால் இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டாள்.

கடைசியில் பெர்லிதா பதேர்னோவின் வீட்டுக்கே போனாள். "சட்டப்படி அவ விடுதலை. ஆனா நீங்க அவ தலைக்குள்ள வெச்சதை எந்த நீதிபதியாலயும் எடுக்க முடியல. நீங்களே வந்து எடுங்க."

பதேர்னோ முதலில் சிரித்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அந்த வயதில் ஒரு மகள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் சீருடை இல்லாமல் எல்விராவின் புது வீட்டு வாசலில் வந்து நின்றார். வியர்த்துக் கொட்டியது.

"மகளே, நீ எதையும் ஏத்தல. கொசுவத்தின்னு முதல்ல சொன்னதே நான்தான். வழக்கைச் சீக்கிரம் முடிக்கணும்னு நானா கட்டிச் சொன்ன கதை அது. தப்பு என்னுது."

அர்லின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்களில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"நீங்க ரொம்ப நல்லவர் சார்" என்றாள். "எனக்காகப் பொய்கூடச் சொல்றீங்க."