ஏழாம் அலமாரியின் இருப்பு

மாவட்டப் பண்டகசாலையில் காப்பாளர் வேலைக்குத் தகுதி பெற, ஒரு வருடம் அலமாரியில் பொருளாக இருந்திருக்க வேண்டும். பொருளாக இருந்து பார்க்காதவரிடம் பொருளை எப்படி நம்பி ஒப்படைப்பது என்பது அரசின் எண்ணம். நியாயமான எண்ணம்தான்.

செண்பகவடிவு நான்கு முறை எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டு, ஐந்தாம் முறை தேறியவள். வயது வரம்பு முடியப் பதினொரு நாள்தான் இருந்தது. அலமாரியில் இருக்கும் பொருளுக்கு வயது ஏறாது என்பதால் ஓடிவந்து சேர்ந்துவிட்டாள். மணிக்கட்டில் சீட்டுக் கட்டி, பதிவேட்டில் 'எண்ணிக்கை ஒன்று, நல்ல நிலை' என்று எழுதி, ஏழாம் அலமாரியில் பினாயில் டப்பாக்களுக்கும் டியூப் லைட்டுகளுக்கும் நடுவே உட்காரவைத்தார்கள். அவள் கணவன் பேச்சிமுத்து அன்றே 'மனைவி, ஒன்று தேவை' என்று இண்டென்ட் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அது வரிசையில் கிடந்தது.

வருடக் கடைசியில் ஆய்வு அதிகாரி வந்து எண்ணினார். ஏழாம் அலமாரியில் செண்பகவடிவு இரண்டு இருந்தது. மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் தன்னைப் போலவே இன்னொருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது இவளுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. இருவர் கையிலும் ஒரே சீட்டு, ஒரே தேதி.

"ஏம்மா, குறைஞ்சிருந்தா மேல எழுதிக் கேக்கலாம். கூடிப் போனா நான் என்ன செய்ய?" என்றார் அதிகாரி. "ஒரு இண்டென்ட் நிலுவையில இருக்கு. ஒரு ஆளை அனுப்பிட்டா பதிவேடு சரியாப் போகும். மிச்சம் இருக்கற ஆளுக்கு வேலை. யாரை அனுப்பணும்? சொல்லுங்க, இதுதான் நேர்முகத் தேர்வு."

விதி எல்லோருக்கும் மனப்பாடம்: முதலில் வந்தது முதலில் போக வேண்டும். முதலில் வந்தவள் இவள்தான். அதைச் சொன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். காப்பாளர் நாற்காலி மற்றவளுக்குப் போய்விடும். ஐந்து வருடம் கண்விழித்துப் படித்தது நினைவுக்கு வந்தது.

"இவங்கதான் சார் முந்தி வந்தவங்க," என்று பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள். வந்த நாளிலிருந்தே மற்றவள் வாய் திறந்ததில்லை.

அதிகாரி டிக் அடித்து, நியமன உத்தரவை இவள் கையில் கொடுத்தார்.

பேச்சிமுத்து மத்தியானமே வந்துவிட்டான். மற்றவளை முன்னும் பின்னும் பார்த்தான். கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்துப் பிச்சிப்பூவை அவள் தலையில் வைத்துவிட்டான். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை இவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

"ரொம்ப நன்றி மேடம். ஒரு வருசமாக் காத்துக் கெடந்தேன்."

செண்பகவடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அலுவலக நேரம் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

ஐந்து மணி ஆனது. காப்பாளரே ஆனாலும், வீட்டுக்குப் போக வேண்டுமானால் யாராவது இண்டென்ட் போட்டிருக்க வேண்டும். அவள் பெயரில் எதுவும் நிலுவையில் இல்லை. கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டு, பதிவேட்டோடு ஏழாம் அலமாரியில் ஏறினாள். அங்கே புதிதாக வந்து உட்கார்ந்திருந்த இன்னொரு செண்பகவடிவு சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள். இவள் பதிவேட்டைப் பிரித்து, புதியவளின் வரவுக்கு நேரே அன்றைய தேதியை ஒழுங்காக எழுதிக்கொண்டாள்.