ஒழுகாத கூரை

சூடாமணி காபி டம்ளரை மேசையில் வைத்த வேகத்தில், தேரடியில் தூங்கிய நாய்கள் எல்லாம் இடி இடித்ததென்று எழுந்து உட்கார்ந்திருக்கும். மாப்பிள்ளை சக்ரவர்த்தி மட்டும் நிமிரவில்லை. அவர் முன்னால் இருந்த காகிதத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது.

“எழுதப்போறேளா?”

“எழுதித்தானே ஆகணும்மா. வெள்ளம் வந்தா ஜனங்களை எங்க தங்க வைக்கிறதுன்னு வார்டு வாரியா கேட்டிருக்கா. இந்த வார்டுலயே மேடான கட்டடம் நம்ம மண்டபம் ஒண்ணுதான்.”

“ரெண்டு வருஷமா என்ன எழுதினேள்?”

“மேற்கூரை பழுது, பயன்படுத்த இயலாது.”

“அதையே எழுதுங்கோ. பழுதுன்னா ஒரு வருஷத்துல சரியாயிடணும்னு சட்டமா என்ன? வெள்ளம் நாலு நாள்ல வடிஞ்சுடும். ஆத்தங்கரைக் காலனி முழுக்க வந்து நம்ம தளிகைப் பாத்திரத்துல கை வச்சா, அப்புறம் அங்க எவா கல்யாணம் பண்ண வருவா?”

சூடாமணி அந்தக் கல்யாண மண்டபத்தின் டிரஸ்ட் தலைவி. சின்ன காஞ்சிபுரத்தில் அவர் சொல்லாமல் முகூர்த்தக்கால் நடமாட்டார்கள். நட்டாலும் நிற்காது என்பார்கள். சக்ரவர்த்தி பேரிடர்ப் பிரிவில் துணை வட்டாட்சியர். பதினெட்டு வருஷமாக மாமியார் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை. புயலுக்கும் பூகம்பத்துக்கும் முன்னெச்சரிக்கை எழுதிக் கொடுக்கிறவர்தான். ஆனால் சொந்த வீட்டில் எச்சரிக்கைக் கொடி ஏறினால் ஆள் குடைக்குள் போய்விடுவார்.

எழுதினார். மூன்றாவது வருஷமாக, முத்துமுத்தான கையெழுத்தில்.

அவருடைய வெள்ளத் திட்டத்தைத் தூக்கிப் போட்டாலே வேகவதி ஆற்றுக்குக் கரை கட்டிவிடலாம், அத்தனை பக்கம். படகு எத்தனை, மணல் மூட்டை எத்தனை, பாம்புக்கடி மருந்து எங்கே, எல்லாம் இருந்தது. காலனிக்காரர்கள் போகவேண்டிய இடம் மட்டும், காலனியைவிட மூன்றடி பள்ளத்தில் இருந்த ஆரம்பப் பள்ளிக்கூடம். முழங்கால் தண்ணீரில் நிற்பவர்களை இடுப்புத் தண்ணீருக்கு மாற்றுவதற்குத் திட்டத்தில் ‘பாதுகாப்பான வெளியேற்றம்’ என்று பெயர்.

முந்தைய இரண்டு வருஷமும் அந்தக் காகிதம் பீரோவுக்குள் பத்திரமாகத் தூங்கியது. இந்த வருஷம் பார்த்து மேலிடத்தில் யாருக்கோ ஞானோதயம்: பட்டியலை ஒவ்வொரு வார்டிலும் மக்கள் பார்வைக்கு ஒட்ட வேண்டுமாம். வியாழக்கிழமை ஒட்டினார்கள்.

சனிக்கிழமை காலை மண்டபத்து வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். தோளில் சாக்கு மூட்டை, கையில் கரணை. முகத்தைப் பார்த்தால், பெற்ற பிள்ளை திருடிவிட்டான் என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொன்னதுபோல் இருந்தது. காலனிக் கொத்தனார் கிறிஸ்டோபர். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த மண்டபத்துக்குக் கூரைத் தளம் போட்டவன் அவன்தான்.

பக்கத்திலேயே இருந்த மாமியார் வீட்டிலிருந்து சக்ரவர்த்தி இறங்கி வந்தார்.

“என்னப்பா?”

“எங்க சார் ஒழுவுது?”

“எது?”

“கூரைதான் சார். பேப்பர்ல போட்டு ஒட்டிக்கீறாங்களே. எம்பொண்ணு படிச்சுச் சொல்லிச்சு. ரெண்டு நாளா சோறு எறங்கல சார். முப்பது வருஷமா வேலை செய்றேன், என் தளம் ஒழுவுதுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இப்போ கவர்மெண்டே சொல்லிக்கினு இருக்குது. வெளிய தல காட்ட முடியல.”

“அதெல்லாம் பரவாயில்லப்பா, நீ போ” என்றார் சக்ரவர்த்தி.

“எப்பிடி சார் போறது? கூலி வேணாம். தண்ணி கட்டிப் பாத்துட்டா தெரிஞ்சுடும். ஒரு நாள் குடுங்க.”

‘ஒழுகல’ என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்துதான். அது அவர் நாக்கின் நுனி வரை நடந்து வந்து, மாமியார் வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

கிறிஸ்டோபர் வெளிப்பக்க இரும்பு ஏணியில் ஏறினான். தண்ணீர் இறங்கும் குழாய்களுக்குச் சாக்கு அடைத்தான், மொட்டைமாடிக் கதவு ஓரத்தில் சிமெண்டு வரப்புக் கட்டினான், மோட்டாரைப் போட்டுத் தளம் முழுக்கத் தண்ணீர் நிறுத்தினான். சிரத்தை என்றால் அப்படி ஒரு சிரத்தை. தெப்போற்சவத்துக்குக்கூட அனந்தசரஸ் குளத்தை அவ்வளவு அக்கறையாக யாரும் நிரப்பியிருக்கமாட்டார்கள்.

மறுநாள் காலை மகள் ஏஞ்சலோடு வந்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். வார்டின் வெள்ள மீட்புத் தன்னார்வலர்களில் ஒருத்தி. அதற்காகக் கொடுத்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

கிறிஸ்டோபர் வாசற்படிக்குக் கீழேயே நின்றான். “நீங்க உள்ள போயி அண்ணாந்து பாத்துச் சொல்லுங்க சார்.”

“நீயே வந்து பாரேன்” என்று சக்ரவர்த்தி சொல்லவில்லை. அவர்களுக்குள் அது சொல்லக்கூடிய வார்த்தையாக இருந்ததில்லை. தளம் போட்டு, தரைக்குக் கல் பதித்து, கிறிஸ்டோபரின் ஆட்கள் வெளியேறிய மறுநாள் சாஸ்திரிகள் வந்து புண்யாகவாசனம் என்ற சுத்திச் சடங்கைப் பண்ணி மூலைமுடுக்கெல்லாம் தீர்த்தம் தெளித்தார்கள். அன்றிலிருந்து, தான் பதித்த தரையில் அவன் கால் வைத்ததில்லை. யாரும் வராதே என்று சொன்னதும் இல்லை. சொல்லத் தேவையே இல்லாமல் நடக்கிறதுதானே இந்த ஊர்ப் பெருமை!

சக்ரவர்த்தி உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். அப்பளம் காயப்போடலாம், அவ்வளவு காய்ந்திருந்தது. மேலே ஒரு குளமே நிற்கிறது, கீழே ஒரு வேர்வைத்துளிகூட இல்லை. வேர்த்தது அவருக்குத்தான்.

வெளியே வந்தார். “ஒழுகல.”

கிறிஸ்டோபர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் சொல்லல? பாத்தியாம்மா?” என்று மகளிடம் திரும்பினான்.

“அப்போ லிஸ்டுல ஏன் சார் அப்பிடிப் போட்டாங்க?” ஏஞ்சல் அமைதியாகத்தான் கேட்டாள். “போன வருஷம் ஸ்கூல்ல பெஞ்சு மேல ஒண்ணரை நாள் நின்னோம். எங்க செல்லியம்மா அத்தைக்கு எழுபது வயசு. கால் மரத்து தண்ணியில விழுந்தாங்க, நாங்க தூக்கினோம். இந்த வாரமும் மழைன்றாங்க. மாத்தி எழுதிக் குடுங்க சார்.”

“மாப்ளே!” பக்கவாட்டுக் கதவிலிருந்து சூடாமணி கூப்பிட்டார். அவர் ரகசியம் பேசினால் வாலாஜாபாத்தில் பஸ் ஏறுகிறவனுக்குக் கேட்கும்; அன்று மட்டும் மாப்பிள்ளையைக் கிட்டே வரவழைத்துக் காதோடு சொன்னார். “அவனையே ஒரு நாலடி இடிச்சுட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கோ. கூலியைக் குடுத்துடலாம். நீங்க எழுதினதும் பொய்யாகாது, உத்யோகத்துக்கும் பங்கம் வராது.”

வெட்கங்கெட்ட காரியங்களில் எல்லாம் பெரிய காரியம் அடுத்து நடந்ததுதான். சக்ரவர்த்தி அதைப் போய்ச் சொன்னார். வாசற்படியில் நின்று, தரையைப் பார்த்தபடி, “ஓரமா ஒரு நாலடி... லேசா கொத்திவிட்டா...” என்றார்.

கிறிஸ்டோபருக்கு முதலில் விளங்கவில்லை. “நல்லா இருக்கற தளத்தையா சார்? எதுக்கு?”

சக்ரவர்த்தி பக்கவாட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். ஏஞ்சல் அப்பாவைப் பார்த்தாள். கொஞ்சங்கொஞ்சமாக அவனுக்கே ஏறியது. ரெண்டு நாள் அவன் பட்ட அவமானம் யாருடையது என்பது, அடிவானத்தில் மேகம் கூடுவதுபோல் அவன் முகத்தில் கூடிக்கொண்டு வந்தது.

“எங்களுக்காகவா சார் இத ஒழுவ வச்சீங்க?”

கரணையைச் சாக்கில் போட்டான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். வாசற்படி ஏறி, சக்ரவர்த்தியைத் தாண்டி, மண்டபத்துக்குள் நடந்தான்.

“யாரது உள்ள போறது? மாப்ளே!”

மாப்பிள்ளை நிலைப்படியோடு நிலைப்படியாக நின்றார்.

கிறிஸ்டோபர் நடு மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். நாலு வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறான். மூலைக்கு மூலை நிதானமாகப் பார்த்தான். சூடாமணி அந்தக் கோடியில் வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். அவர் ஆயுளில் சத்தம் வராமல் வாய் திறந்தது அன்று ஒரு தடவைதான்.

ஏஞ்சலும் உள்ளே வந்து, அகலத்தையும் நீளத்தையும் காலடியால் அளந்தாள். “நம்ம தெரு மொத்தமும் படுக்கலாம்பா. சமையல் பண்ணாலும் இடம் இருக்குது.”

பிறகு வெளியே வந்து, மடித்து வைத்திருந்த பட்டியல் பிரதியை எடுத்தாள். அந்த வரியைக் குறுக்கே அடித்து, மேலே எழுதினாள்: ‘கூரை நல்ல நிலையில் உள்ளது. இருநூறு பேர் தங்கலாம்.’ பேனாவை நீட்டினாள்.

“நீங்கதான சார் உள்ள போயி பாத்தது? கையெழுத்துப் போடுங்க.”

பக்கவாட்டுக் கதவில் சூடாமணி. எதிரில் அந்தப் பெண். உள்ளே, இன்னும் அண்ணாந்து பார்த்தபடி அவள் அப்பா. சக்ரவர்த்தி பேனாவை வாங்கினார். மூன்று வருஷம் பொய்க்குக் கீழே விழுந்த அதே அழகான கையெழுத்து, சுழிகூடக் கோணாமல், உண்மைக்குக் கீழேயும் விழுந்தது.

அதைப் பார்க்கத்தான் அவருக்குக் கூச்சமாக இருந்தது.